பால் டின்னில் விழும் கல்

புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டுவது எல்லோரும் செய்கிற காரியம்தான். கட்டாமல் விட்டால் காய் சுருண்டுகொள்ளும். வாலை வளைத்துக்கொண்டு வந்த வழியே பந்தலுக்குத் திரும்பப் பார்க்கும். சணலில் கட்டுவார்கள், வாழைநாரில் கட்டுவார்கள், கிழிந்த புடவையின் கரையில்கூடக் கட்டுவார்கள். அவர் கம்பளி நூலில் கட்டினார். அதுவும் ஒரே நூலில் அல்ல.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் அவர் வீடு. வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி அகலத்துக்கு நீளமாக ஓடும் மண். முன்பக்கம் வெண்டை, அதை ஒட்டிக் கொத்தவரை, துணி துவைக்கும் தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில் பொன்னாங்கண்ணி. இவற்றை யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொண்டு போகலாம். சுவருக்கு மேலே கையை நீட்டிப் பறித்தாலும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். பின்பக்கம், பழைய இரும்புக் குழாய்களை நட்டுக் கம்பி இழுத்து வலை விரித்த புடலம்பந்தல் மட்டும் அப்படியல்ல. காலையில் அதன் கீழே நின்று அண்ணாந்தால் சிவப்பு, கருநீலம், மெரூன், கிளிப்பச்சை, சாம்பல், ஆரஞ்சு என்று முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு ஜல்லிக் கல். காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து ஆடும். வெள்ளை வரியோடிய பச்சைக் காய்கள், கழுத்தில் இல்லாமல் வாலில் டை கட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி.

வீட்டுக்கு ஒரு நிறம். தெருவில் பதினான்கு வீடுகள், பதினான்கு நிறங்கள். எதிரே வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரருக்குக் கருநீலம். வண்டியையும் ஒரு வீடாகத்தான் அவர் வைத்திருந்தார். காய் விரல் நீளத்தில் பிஞ்சாக இருக்கும்போதே அது யாருடையது என்று முடிவாகிவிடும். முடிச்சு விழுந்தபின் மாற்றமில்லை.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். வீட்டில் பனியனோடு இருக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகும்போதும். சட்டைக்குள் விட்டுக்கொள்வார், அவ்வளவுதான். தெருவில் யாருடைய பெயரும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

நான் அந்தத் தெருவுக்கு வந்தது என் வாழ்க்கையின் ஏழாவது வீடாக. ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பேன், அடிக்காமலேயே காலி செய்வேன். அப்படி ஒரு பழக்கம். தனியாக இருப்பவளுக்குச் சாமான் குறைவு. ஒரு சிறிய வேனில் முழு வாழ்க்கையும் ஏறிவிடும். அவருடைய சுவரை ஒட்டிய வீட்டின் மேல் போர்ஷனில் அதை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, கீழேயிருந்து குரல் வந்தது.

“மேல் போர்ஷன், யெல்லோ.”

எட்டிப் பார்த்தேன். கட்டையான ஆள், வெட்டிய நரைமுடி, கையில் மஞ்சள் நூல்.

“சார், என்னையா?”

“சார் இல்ல, மாஸ்டர். அந்த போர்ஷனுக்கு யெல்லோ. முன்னாடி இருந்தவங்களுக்கும் யெல்லோதான். உங்களுக்குப் புடலங்காய் ஆகுமா?”

“ஆகும்.”

“காய் கட்டறது என் வேலை. வந்து பறிக்கிறது உங்க வேலை. ரெடியான அன்னிக்குச் சொல்லுவேன். அன்னிக்கே வரணும்.”

வரவேற்பு இவ்வளவுதான். போர்ஷனுக்குத்தான் நிறம், ஆளுக்கு இல்லை என்பதும் முதல் நாளே தெளிவாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. யாருடைய மஞ்சளையோ எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒருநாள் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம்.

பறிப்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போகவேண்டும். தூணில் நூல் கட்டித் தொங்கும் பிளேடால் காம்பை அறுக்க வேண்டும். நுனியிலிருந்து நூலை அவிழ்த்துச் சுவரில் அடித்த ஆணியில் மாட்ட வேண்டும். கல்லை, திரும்பி வரும் வழியில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பெரிய பால்பவுடர் டின்னில் போட வேண்டும். டங் என்று விழும். அந்தச் சத்தத்துக்கு ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பதில் வரும்.

“பிரசண்ட்.”

ஆள் தெரியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். எழுந்து வரமாட்டார், காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கமாட்டார். வராந்தாவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. தெருக்காரர்கள் யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. பி.டி. பீரியடில் யார் உட்காருகிறார்கள்?

சொன்ன அன்றைக்கு வராமல் மறுநாள் போனால், அதே டங். பதில் மட்டும் வேறு.

“லேட்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, முற்றிய காயைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பது கஷ்டமாக இருக்கும். நாற்பது தாண்டிய எனக்கே முட்டி போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

பின்னுவதற்கு அவர் வந்த கதையை இஸ்திரிக்காரர்தான் சொன்னார். நாற்பத்தைந்து வயதில், பிள்ளைகளுக்கு உயரம் தாண்டிக் காட்டுகிறேன் என்று தாண்டித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டாராம். மூன்று மாதம் கட்டிலில். தண்ணீர் வேண்டுமென்றால் விசில், போர்வை வேண்டுமென்றால் விசில், ஃபேனைக் கூட்டக் குறைக்க விசில்.

“நாலாம் நாளு அவுரு சம்சாரம் வந்து விசிலப் புடுங்கிக்கினு, கைல ரெண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் குட்த்துட்டுப் போச்சாம்க்கா. ‘வாய் சும்மா இருக்காட்டி கைக்கு வேலை குடு’ன்னுச்சாம். அப்ப புட்சது. அந்தம்மா போய்ச் சேந்துட்ச்சு, ஊசிய மட்டும் வுடல.”

மே மாதத்தில் மின்சாரம் போன பிற்பகல்களில் அந்த மனிதர் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாம்பரத்தில் யாருக்கு வேண்டும் கம்பளி? இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து சீண்டுவார்.

“மாஸ்டரே, நான் பொட்டிய வெச்சிக்கினு வேகறேன், நீ கம்பளிய வெச்சிக்கினு வேகற. ரெண்டு பேரும் ஊட்டிக்குப் பூடலாம் வா.”

“நீ மொதல்ல உன் காலரை ஒழுங்கா தேய். போன வாரம் என் சட்டையில ரெண்டு மடிப்பு.”

“ரெண்டு கோடு போட்டா ரெண்டு ஸ்டாரு குட்த்த மாறி. பெரிய ஆபீசரு நீ.”

அவர் பின்னியது ஒரே ஒரு பொருள்தான். ஒரு போர்வை. உள்ளங்கை அகலச் சதுரங்களாகப் பின்னி, ஒன்றோடொன்று கோத்து, அடியில் மனைவியின் பழைய பருத்திப் புடவைகளை விரித்து, இரண்டையும் சேர்த்து நூலோட்டிய போர்வை. ஒரு வீடு ஒரு வருஷம் தெருவில் இருந்தால் அந்த நிறத்தில் ஒரு சதுரம். சதுரம் முடிந்து மிஞ்சும் நூல் பந்தலுக்குப் போகும். மெரூன் பதினெட்டு. சாம்பல் பதினொன்று. மஞ்சள் மட்டும் ஒரே ஓரமாக இல்லாமல் அங்கங்கே சிதறிக் கிடந்தது. போர்ஷனில் ஆள் இல்லாத வருஷங்களில் மஞ்சள் இல்லை என்றார் மாஸ்டர். அதை அவர் போர்த்திக்கொண்டு நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று எல்லா வீட்டிலும் பாய்கள் ஈரம் ஏறிக் கிடந்தபோதும், மடித்து அலமாரியின் மேல் வைத்திருந்தார்.

இரண்டாம் வருஷம் எனக்குச் சிக்குன்குன்யா வந்தது. மூட்டு மூட்டாக யாரோ திருகாணி முடுக்கிய மாதிரி. மாடிப்படி எனக்கு வேறு ஊராகிவிட்டது. எட்டு நாள் கீழே இறங்கவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள், மாத்திரை வாங்கிவந்தார்கள். அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசில். நீளமாக ஒன்று.

“யெல்லோ. காய் ரெடி.”

“உடம்பு சரியில்ல மாஸ்டர்,” என்றேன் ஜன்னல் வழியாக. “நீங்களே யார்கிட்டயாவது—”

மறுபடியும் விசில்.

எனக்கு வந்த கோபத்தில் மூட்டுவலி இரண்டாம்பட்சமாகிவிட்டது. சுவரைப் பிடித்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் அவரை ஒரு வார்த்தை திட்டி இறங்கினேன். பதினாறு படிகள். வெயில் கண்ணைக் குத்தியது. வெண்டைப் பூ மஞ்சளாக மலர்ந்திருந்ததைப் பார்த்தேன். எட்டு நாளாக உலகத்தில் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. காம்பை அறுக்க இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. கல்லை டின்னில் வீசினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“பிரசண்ட்,” என்றது ஜன்னல். கூடவே, “மெதுவா ஏறுங்க.”

அந்தக் கோபம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. உடம்பு முடியாத ஒருத்தியை விசில் ஊதி இறக்கிய ஆளைப் பற்றி நல்லவர் என்று உடனே சொல்லிவிட என்னால் முடிவதில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கியதிலிருந்துதான் நான் நடக்கத் தொடங்கினேன்.

ஒருமுறை, துணி வாங்கப் போன இடத்தில் இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். “பதினாலு வீட்டுக்குக் கட்டறாரே, மாஸ்டருக்கு எந்தக் கலர்?”

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாக்கா, இது தெரியாதா உனக்கு? அவுருக்குப் பொடலங்காய்னாலே ஆவாது. வாசனையே புடிக்காது. அந்தம்மா கீறப்போகூட வூட்ல ஆக்க வுடமாட்டாரு.”

“அப்ப எதுக்கு இவ்வளவு?”

“சொரக்கா போட்டா இன்னா ஆவும்? மாசத்துக்கு ஒண்ணு குட்த்தாப் போதும், ஒரு வாரம் வெச்சிருந்துகூடத் துன்னலாம். இது அப்டியா? நாலு நாளைக்கு ஒரு தபா ஒண்ணு வுடும். அன்னிக்கே பறிக்கணும், இல்லாட்டி முத்திப் பூடும். ஆளு வந்துதான ஆவணும்.” ஒரு சட்டையை உதறி விரித்தார். “நான்தான் சொன்னேன்னு சொல்லாத. என் கருநீலத்த கட் பண்ணிடுவாரு.”

அதற்குப் பிறகு அந்த டங் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

தெரு காலியானது ஒரே நாளில் அல்ல. மெரூன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அதில் வந்த எட்டுக் குடும்பங்களுக்கும் லிஃப்ட் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார், புடலங்காய் வேண்டியிருக்கவில்லை. சிவப்பு மகனோடு பெங்களூர் போனது. ஆரஞ்சு கொரோனாவில் போனது. கிளிப்பச்சையும் சாம்பலும் ஒரே மாதத்தில் இடத்தை விற்றன. ஆணியில் நூல்கள் மாட்டியபடியே வெளுத்தன. கல் டின் நிறைந்துகொண்டே வந்தது. கட்ட வேண்டிய காய் குறைந்ததால் கற்கள் உள்ளேயே தங்கின. டின் நிறைய நிறைய சத்தம் மாறியது. டங் போய் டக் ஆனது. ஒருநாள் அவர் டின்னைக் கவிழ்த்துக் கற்களைக் கொட்டிவிட்டுக் காலி டின்னைத் திரும்ப வைத்ததைப் பார்த்தேன்.

ஆறு வருஷம் முடிந்தபோது நானும் கிளம்பினேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வர முடியவில்லை. ஊரப்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஒரு ஃப்ளாட் கிடைத்தது. எட்டாவது வீடு. சொல்லிக்கொள்ளப் போனேன். ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

“ஊரப்பாக்கம்னா எத்தனை ஸ்டேஷன்?”

“மூணோ நாலோ மாஸ்டர்.”

“கிட்டதான். ஃபோன் நம்பர் எழுதி டின் மேல வைங்க.”

எழுதினேன். மஞ்சள் என்று தலைப்பில் போட்டேன், பெயர் போடவில்லை. விளையாட்டாகத்தான்.

பத்தாம் நாள் ஃபோன் வந்தது. “யெல்லோ. காய் ரெடி.”

“மாஸ்டர், அந்த போர்ஷனுக்கு வேற ஆள் வந்துட்டாங்களே. அவங்களுக்குத்தானே யெல்லோ?”

“அவங்களுக்கு பிரவுன் குடுத்துட்டேன்,” என்றார். வைத்துவிட்டார்.

முதல் நான்கு மாதம் போனேன். லோக்கல் ரயில் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு. பந்தல், பிளேடு, ஆணி, டின். பிரசண்ட். பதினைந்து நிமிட வேலைக்கு அரைநாள். பிறகு இரண்டு ஃபோனுக்கு ஒருமுறை என்று ஆனது. பிறகு, வேலை இருக்கிறது மாஸ்டர், பிரவுனை எடுத்துக்கச் சொல்லுங்க. அவர் சரி என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். நாற்பது வயதுக்குமேல் நாம் ஒரு மனிதரைக் கைவிடுவது சண்டை போட்டு அல்ல. இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. தேர்வு வேலை மலையாகக் குவிந்திருந்தது. வெயில் காலை ஒன்பதுக்கே சுவரில் ஏறியிருந்தது. ஃபோன்.

“யெல்லோ. காய் ரெடி.”

எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. “மாஸ்டர், இன்னிக்கு வர முடியல. ஆனா வேஸ்ட் ஆகக் கூடாது. ஒரு ஆள் அனுப்பறேன், அவர்கிட்ட குடுத்துடுங்க.”

“ஆளா?”

“டெலிவரி. ஃபோன்லயே புக் பண்ணலாம். நீங்க கஷ்டப்பட வேண்டாம், கேட்டுக்கே வருவார்.”



“அந்த ஆளு எந்தக் கலர்?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். ஜோக் என்று நினைத்துக்கொண்டேன். “சட்டை கலரை வேணா பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர்.”

திரையில் ஒரு சின்னப் புள்ளி கேம்ப் ரோட்டிலிருந்து கிளம்பி, வண்டலூர் தாண்டி, என் வீட்டை நோக்கி நகர்ந்ததை நடுநடுவே பார்த்தபடி வேலை செய்தேன். ஒரு மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஏறக்குறைய என் வயதுக்காரர், ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய நின்றார். நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலம். பிரித்தேன். காய் இரண்டாக நறுக்கப்பட்டிருந்தது, பைக்குள் அடங்குவதற்காக. நூல் இல்லை, கல் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. தேங்காய் போட்டுப் பொரியல் செய்து, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம் ஒரு பிற்பகலில் ஏதோ ஒரு சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன்.

கேட்டைத் தள்ளியதும் அவர் வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுந்து வந்தது அன்றுதான்.

“வாங்க,” என்றார். மேலே இருந்த நாற்காலியை எடுத்து, துண்டால் துடைத்து, வராந்தாவில் போட்டார். “உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

உட்கார்ந்தேன். தண்ணீர் வந்தது, தட்டில் வைத்த தம்ளரில். அவர் திட்டியிருக்கலாம். விசில் ஊதியிருக்கலாம். லேட் என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தையைத் தலையில் சுமந்துகொண்டு போயிருப்பேன். விருந்தாளிக்குத் தருவதையெல்லாம் வரிசையாகத் தந்தார்.

“காய் எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு மாஸ்டர். தேங்க்ஸ்.”

அந்த வீட்டில் அதுவரை நான் சொல்லாத வார்த்தை அது. அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

வராந்தா நாற்காலியில் போர்வை மடித்துக் கிடந்தது. கடைசி வரிசை வெளியே தெரிந்தது. பிரவுன் ஒன்று, கருநீலம் ஒன்று, அவற்றுக்கு நடுவே மஞ்சள். புதிது. நிறம் மங்காதது. நான் தெருவை விட்டுப் போனபிறகு பின்னியது. எண்ணிப் பார்த்தேன்: என் காலத்து மஞ்சள் ஆறு, அதோடு இது. ஏழு.

எழுந்து பந்தல் பக்கம் போனேன். அவர் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. பந்தல் பாதி காய்ந்திருந்தது. ஒரு கருநீலம், ஒரு பிரவுன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறங்கி, ஒரு பெரிய காய். வரிகள் மறைந்து, நுனியில் ஆரஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நுனியில் மஞ்சள் கம்பளி, கல்.

“மாஸ்டர், இது…”

“அது உங்களுது.” வராந்தாவிலிருந்து குரல். “அன்னிக்கு ரெடியானது.”

“அப்ப எனக்கு அனுப்பினது?”

“அது கலர் கட்டாத காய். வந்தவருக்கும் கலர் இல்ல. சரியாப் போச்சு.”

மூன்று வாரமாக அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் ஜன்னல் வழியாக அவர் அதைப் பார்த்திருப்பார்.

“இப்பப் பறிச்சுக்கட்டுமா?”

“இப்ப எதுக்கு? நாரு. வாயில வைக்க முடியாது. விதைக்கு விட்டுட்டேன்.”

“பழுத்ததும் வரேன் மாஸ்டர். நானே வரேன்.”

“பழுத்தா சொல்றேன்,” என்றார்.

சொல்வார் என்று காத்திருந்தேன். இதுதான் நான் செய்த இரண்டாவது பிசகு. கூப்பிடாமல் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலு ஸ்டேஷன்தான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனைப் பார்த்தேன். அழைக்கப்பட வேண்டும் என்று என்னவோ ஒரு வீம்பு. மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கும் ஒரு மரியாதை வேண்டியிருந்தது.

ஃபோன் வந்தது, அவரிடமிருந்து அல்ல.

“அக்கா, நான்தான், இஸ்திரி. மாஸ்டர் ஊர்ல இல்லக்கா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு. அவுரு தங்கச்சி வந்து பாளையங்கோட்டைக்கு இட்டுக்கினு பூட்டாங்க. பத்து நாளாவுது. சாவி என்கிட்டதான் கீது, தண்ணி வுட்டுனு கீறேன். உன் காய் வெடிச்சிடும் போலக் கீதுக்கா. வந்து எட்த்துக்கினு போ.”

“நீங்க பறிச்சு வைங்களேன்,” என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

கேட்டை இஸ்திரிக்காரர்தான் திறந்துவிட்டார். “அந்தக் காயை எவனும் தொடக் கூடாதுன்னு கார்ல ஏறசொல்ல சொன்னாரு. ஏறசொல்ல இன்னொரு கூத்துக்கா. மே மாச வெயிலு, மண்டை பொளக்குது. அந்தப் போர்வைய எட்த்துத் தோள் மேல போர்த்திக்கினுதான் ஏறுவேன்னு ஒரே அடம். தங்கச்சி தலைல அட்சிக்கிச்சு.”

பந்தலில் வேறு நிறம் எதுவும் இல்லை. அந்த ஒன்று மட்டும், முழுக்கச் செக்கச்செவேலென்று, நுனியில் மூன்றாகப் பிளந்து. பிளவுக்குள் ரத்தச் சிவப்புச் சதை, அதற்குள் விதைகள். எறும்புகள் ஏற ஆரம்பித்திருந்தன. பிளேடால் காம்பை அறுத்தேன். கை கனத்தது. நூலை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். கல் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

டின்னுக்கு முன்னால் நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

“இன்னாக்கா, போடு,” என்றார் இஸ்திரிக்காரர்.

“தங்கச்சி நம்பர் இருக்கா உங்ககிட்ட?”

அவரே போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், மெல்லிய திருநெல்வேலிப் பேச்சு. விசாரித்தேன். எலும்பு சேர்ந்துவருகிறது என்றார்கள். “ஆனா விழுந்ததுல இருந்து ஆளுகளைத்தான் சரியா தெரிய மாட்டேங்கு. நேத்து என்னையே யாருன்னு கேக்காவ. நீங்க யாருன்னு சொல்லட்டும்மா?”

என் பெயரைச் சொன்னேன்.

அவர்கள் திரும்பிச் சொல்வது கேட்டது. சத்தமாக, இரண்டு தடவை. பதில் எனக்குக் கேட்கவில்லை.

“தெரியலங்காவம்மா,” என்றார்கள் வருத்தமாக.

தெரியாதுதான். ஆறு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். அந்தப் பெயரை அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. சரி, பரவாயில்லை, இன்னொரு நாள் கூப்பிடுகிறேன் என்று சொல்லப் போனேன். எப்போதும் சொல்வதுதானே. இன்னொரு நாள், அடுத்த வாரம். உள்ளங்கையில் கல் சூடாகியிருந்தது.

“ஒண்ணு பண்ணுங்கம்மா,” என்றேன். “ஃபோனை அவர் காதுல வைங்க. நான் பேச மாட்டேன். சும்மா வைங்க.”

“காதுலயா? சரி, வைக்கேன்.”

ஃபோனை டின்னுக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கல்லை விட்டேன். வெறும் டின். அடிவரை போய் விழுந்தது சத்தம்.

டங்.

ஃபோனைக் காதுக்கு எடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். இஸ்திரிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு ஒன்று, நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒருவர் நிமிரும்போது வரும் மூச்சு, காதருகே வந்தது.

“லேட்,” என்றார்.